ஒரு ஆணி அடிக்க ஒரு சுவர்

மாடல் ஃப்ளாட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: யாரும் குடியிருக்காத வீடு, ஆனால் யாரோ இப்போதுதான் எழுந்து பக்கத்து அறைக்குப் போன மாதிரி வைத்திருப்பார்கள். சாப்பாட்டு மேசையில் தட்டு, கிண்ணம், கரண்டி எல்லாம் தயாராக இருக்கும். கையில் எடுத்துப் பார்க்கலாம் என்றால் வராது. யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். கூடையில் இருக்கிற ஆப்பிள் பிளாஸ்டிக். அலமாரியில் தடிதடியாகப் புத்தகம், உள்ளே தாள் கிடையாது, வெறும் அட்டைப் பெட்டி. அந்த வீட்டைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் பூட்டைத் திறக்க வேண்டும், தூசி தட்ட வேண்டும், ஆள் வந்தால் ஏசியைப் போட்டுச் சுற்றிக் காட்ட வேண்டும். ஆள் வராத நாளில் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பது எம்புட்டுப் பெரிய வேலை என்று அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சோபாவில் உட்காரக் கூடாது, கட்டிலில் படுக்கக் கூடாது. எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கொடுத்திருந்தார்கள். கார் சத்தம் கேட்டால் அதையும் தூக்கிப் பால்கனியில் ஒளித்துவிட வேண்டும்.

மதுரையில் ஆனையூரைத் தாண்டி, வீடுகள் குறைந்து கருவேலஞ்செடி தொடங்குகிற இடத்தில் அந்த அடுக்குமாடி நிற்கிறது. பால்கனியிலிருந்து பார்த்தால் தூரத்தில் நாகமலை நீட்டமாகப் படுத்துக் கிடக்கும். மத்தியான வெயிலில் கீழே ஈ காக்கா இருக்காது. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு நான் ஜவுளிக்கடையில் சேலை விரித்துப் போடுகிற வேலை பார்த்தேன். நாள் பூராவும் நின்று நின்று முழங்கால் போய்விட்டது. கடைக்கு வாடிக்கையாக வருகிற ஒரு அம்மா சொல்லித்தான் இங்கே வந்தேன். "ஒங்களுக்கு வாய் இருக்குக்கா, அது போதும்" என்று மேனேஜர் தம்பி எடுத்துக்கொண்டார். வாய் இருந்து என்ன, பேச ஆள் வேண்டுமே. வாரத்தில் பாதி நாள் லிஃப்ட் சத்தம்கூடக் கேட்காது. நானும் ஃபிரிட்ஜும்தான். ஃபிரிட்ஜுக்கும் கரண்டு கொடுக்கவில்லை, அதுவும் வாயைத் திறக்காது.

நான் சேர்ந்த புதிதில் சுவரெல்லாம் மொட்டையாக இருந்தது. ஒருநாள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு டிசைனர் பொண்ணு வந்து இறங்கினாள். காதில் பென்சிலைச் செருகியிருந்தாள். வேனிலிருந்து படங்களைப் பிள்ளையை இறக்குகிற மாதிரி பார்த்துப் பார்த்து இறக்கினாள். பிரித்துக் காட்டியதும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒன்றில் கறுப்பு வட்டம், அதற்குள் ஒரு மஞ்சள் முக்கோணம். இன்னொன்றில் கட்டம் கட்டமாகக் கோடு, சில கட்டத்தில் மட்டும் நீலமும் சிவப்பும் அப்பியிருந்தது.

"என்னம்மா இது, காம்பஸ் பாக்ஸக் கொட்டி வச்ச மாதிரி இருக்கு? ஒரு மயிலு, ஒரு ஆத்தங்கரை, குதிரை ஓடுற மாதிரி எதாச்சும் கெடைக்கலையா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "அக்கா, இப்ப இதுதான் எல்லாரும் கேக்கறாங்க. ஆனா விஷயம் பழசுங்க. நூறு வருஷத்துக்கு முந்தி ஐரோப்பாவுல கொஞ்சம் பேரு, மரம் வேண்டாம், மனுசன் வேண்டாம், ராஜா ராணி வேண்டாம், வட்டம், சதுரம், கோடு, நாலு கலரு, இது போதும்னு வரைய ஆரம்பிச்சாங்க. அதப் பாத்துச் செஞ்சதுதான் இது."

"ஏன், அவுகளுக்கு மனுசனப் பாத்து அலுத்துப்போச்சா?"

"இருக்கலாம்க்கா" என்று சிரித்தாள்.

அந்தப் பதில் எனக்குப் பிடித்துப்போனது. அவள் இருந்த நாளெல்லாம் நான் பின்னாலேயே சுற்றினேன். பேச ஒரு ஆள் கிடைத்தால் விடுவேனா? அவளும் சலிக்காமல் சொல்லிக் கொடுத்தாள். சோபாவுக்கு மேலே மாட்டுகிற படம் சோபாவைவிட அகலமாகப் போகக் கூடாது, அதற்காகத் தபால்தலை மாதிரியும் இருக்கக் கூடாது. படத்தின் நடு, நிற்கிற ஆளின் கண்ணுக்கு நேரே வர வேண்டும். நம் ஊரில் எல்லா வீட்டிலும் படத்தை உத்தரத்துக்குப் பக்கத்தில் தூக்கி மாட்டிவிட்டுக் கழுத்து வலிக்கப் பார்க்கிறோம் என்று சிரித்தாள். ஒரு அறையில் ஒரு சுவர்தான் பேச வேண்டுமாம், மற்ற மூன்றும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமாம். படத்தில் இருக்கிற ஒரே ஒரு கலரை எடுத்து ஒரு குஷனிலோ ஜாடியிலோ வைத்தால் போதும், எல்லாக் கலரையும் வைத்தால் சந்தைக்கடை ஆகிவிடும். நான் ஜவுளிக்கடையில் இருந்தவள்தானே, சேலைக்கு ஜாக்கெட் பார்க்கிற கணக்குத்தான் இது என்று எனக்குச் சட்டென்று பிடிபட்டது.

அப்புறம் ரசமட்டம் வைத்துச் சாய்வு பார்த்து, பென்சிலால் புள்ளி வைத்தாள். கூட வந்த ஆள் டிரில்லை எடுத்துச் சுவரில் வைத்து அமுக்கினார். அந்தச் சத்தம் கேட்டதும் என்னை அறியாமல் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஹவுஸ் ஓனர் வந்துவிடுவாரே!

சிரிக்காதீர்கள். வாடகை வீட்டிலேயே ஆயுசைக் கழித்தவர்களுக்குத்தான் அது தெரியும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாங்கள் குடியிருக்காத தெரு இல்லை. எந்த ஓனரும் முதல் நாள் சொல்கிற முதல் சட்டம் ஒன்றுதான்: சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது. தண்ணீரைப் பற்றிப் பிறகு, கரண்டைப் பற்றிப் பிறகு, முதலில் ஆணி. ஒரு ஓனர் மாசா மாசம் வந்து விரலை மடக்கிச் சுவரை ஒவ்வொரு இடமாகத் தட்டிப் பார்ப்பார், டாக்டர் முதுகைத் தட்டிப் பார்க்கிற மாதிரி. இப்போது நான் இருப்பது செல்லூரில் ஒரு வளவு. ஒரே வாசலுக்குள் ஒற்றை ஒற்றை அறையாக வரிசையாக ஒட்டியிருக்கும் வீடுகளை மதுரையில் அப்படித்தான் சொல்வோம். எனக்கு முன்னால் இருந்தவர்கள் எப்படியோ அடித்துவிட்டுப் போன ஒரு ஆணி அதில் இருக்கிறது. "அதான் ஒண்ணு இருக்குல்ல, அத வச்சு ஓட்டிக்கங்க" என்றார் ஓனர். அதில் நாள்காட்டி தொங்கியது. வீட்டுக்காரர் போன பிறகு நாள்காட்டியைக் கழற்றிவிட்டு அவர் போட்டோவை மாட்டினேன். நாள்காட்டி அரிசி டிரம்மின் மேல் சாய்ந்து கிடக்கிறது, அரிசி எடுக்கும்போதெல்லாம் விழும். விழும்போதெல்லாம் ஓனரைத் திட்டுவேன்.

என் மகன் ரெண்டாப்பு படிக்கையில் ஒரு படம் போட்டுக்கொண்டு வந்தான். ஒரு சதுரம், அதன் தலையில் ஒரு முக்கோணம், ஓரத்தில் சிவப்பாக ஒரு வட்டம். வீடாம், சூரியனாம். டீச்சர் அதில் ஸ்டார் போட்டிருந்தார். சுவரில் மாட்டியே ஆக வேண்டும் என்று ஒரே அழிச்சாட்டியம். ஆணிக்கு எங்கே போவது? சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவி ஒட்டிவிட்டோம். கொஞ்ச நாளில் ஓனர் வந்தார். பார்த்தார். கையை நீட்டி ஒரே இழுப்பாக இழுத்தார். பாதி சுவரில் ஒட்டிக்கொண்டது, பாதி அவர் கையில் வந்தது. எறும்பு வரும், சுண்ணாம்பு உரியும் என்று அப்புறம் ஒரு பிரசங்கம். பையன் தேம்பித் தேம்பி அழுதான். "நான் பெரியாளாயி வீடு வாங்கி சுவரு பூராம் ஆணியா அடிப்பேம்மா. ஒனக்கும் ஒரு ரூம்பு தருவேன், நீயும் அடிச்சுக்க" என்றான். நானும் என் வீட்டுக்காரரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மூக்கைத் துடைத்துவிட்டு மடியில் போட்டுக்கொண்டேன். சிரித்தேனே தவிர, அதை நான் மறக்கவே இல்லை.

அதனால்தான் டிசைனர் பொண்ணு கடைசியாக மூன்றாவது அறையில் ஒரு படத்தை மாட்டியபோது நான் அப்படியே நின்றுவிட்டேன். மங்கின வெள்ளையில் பெரிதாக ஒரு சிவப்பு வட்டம். அதற்குக் கீழே சாய்ந்தாற்போல ஒரு சதுரம், அதன்மேல் கறுப்பு முக்கோணம் ஒன்று கொஞ்சம் விலகி நின்றது. ஓரத்தில் மெல்லிசாக ஒரு மஞ்சள் கோடு. என் மகன் போட்டதையே யாரோ தட்டிவிட்டுக் கலைத்த மாதிரி இருந்தது. "இது எனக்கு வெளங்குதும்மா" என்று அவளிடம் சொன்னேன். "என்ன வெளங்குதுக்கா?" என்று கேட்டாள். நான் அந்தச் சிவப்பு வட்டத்தைக் கையால் காட்டினேன். அவள் மறுநாள் கிளம்பிப் போய்விட்டாள். வீடு மறுபடியும் அமைதியாகிவிட்டது. அதற்குப் பிறகு மத்தியானச் சோற்றை ஸ்டூலைத் தூக்கிப்போய் அந்த அறையில் வைத்துத்தான் சாப்பிடுவேன், அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு.

ஆள் வருவது குறைச்சல் என்றாலும் வருகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரு ரகம். டவுனுக்குள்ளிருந்து ஒரு பாய் குடும்பம் வந்தது. அந்தம்மா எல்லா அறையையும் விட்டுவிட்டுப் படங்களையே பார்த்தார். "எங்க வீட்ல உருவப் படம் மாட்ட மாட்டோம். அதுக்காகச் சுவரு மொட்டையாவே கெடக்கும். இது எங்களுக்குத் தோதா இருக்கும்போல" என்று போனில் படம் பிடித்துக்கொண்டு போனார். வாடிப்பட்டியிலிருந்து வந்த ஒரு பெரியவர் இன்னும் மேல். ஹாலில் கால் வைத்தவர், வட்டமும் முக்கோணமும் இருந்த படத்தைப் பார்த்ததும் அப்படியே பின்னாலேயே போய்ச் செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வந்தார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"எந்திரத்த நல்ல தெசையாப் பாத்துத்தான் வச்சிருக்கீக. யாரு எழுதிக் குடுத்தது?"

ஐரோப்பாவில் எழுதியது என்று அவரிடம் எப்படிச் சொல்வது! "கோயம்புத்தூருய்யா" என்றேன்.

"அதான பாத்தேன்" என்றார்.

அவர் போன பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் இதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும்போல இருந்தது. பெங்களூரில் இருக்கிற மகனுக்குப் போனைப் போட்டேன். எடுக்கவில்லை, மீட்டிங்கில் இருப்பதாக மெசேஜ் வந்தது. சாயங்காலம் பஸ் ஏறி வளவுக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தச் சிரிப்பு ஆறிப்போய்விட்டது. பிறகு சொல்லவும் தோன்றவில்லை.

வருகிறவர்களிடம் என்ன பேச வேண்டும் என்று கம்பெனியே எனக்கு மனப்பாடம் பண்ணிக் கொடுத்திருந்தது. முதல் அறையில் நின்று, "இது ஒங்களுக்கு சார்" என்று சொல்ல வேண்டும். ரெண்டாவது அறையில், "இது புள்ளைகளுக்கு." மூன்றாவது அறைக்குள் வந்ததும் குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டு, "இது ஒங்க அம்மா அப்பாவுக்கு. வழுக்காத டைல்ஸு, பாத்ரூமு உள்ளயே இருக்கு, ராத்திரி தடுமாற வேண்டாம். படுத்துக்கிட்டே மலையப் பாக்கலாம்" என்று சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி எனக்கே அதில் ஆசை வந்துவிட்டது, உண்மையைச் சொல்வதில் என்ன.

இப்படி இருக்கையில் ஒருநாள் மகனே கூப்பிட்டான். "அம்மா, நீங்க வேல பாக்குற பில்டிங்லயே ஒரு வீடு எடுக்கலாம்னு ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருக்கோம். அந்த மாடல் ஃப்ளாட்டையே குடுப்பாங்களா?"

எதுக்குப்பா என்று நான் கேட்கவில்லை. கேட்பார்களா? மகன் மதுரையில் வீடு வாங்குகிறான், மூன்று அறை இருக்கிற வீடு, அதுவும் அம்மா இருக்கிற ஊரில். இதற்கு மேல் வாயைத் திறந்து எனக்கு இடம் உண்டா என்று கேட்டால் அசிங்கம் என்று நினைத்தேன். மேனேஜர் தம்பியிடம் ஓடினேன். மற்ற வீடெல்லாம் அநேகமாக விற்றாயிற்று, மாடல் ஃப்ளாட்டையும் கொடுத்துவிடுவோம், சாமான், படம் எல்லாம் சேர்த்துத்தான் கொடுப்போம் என்றார். படமுமா என்று கேட்டேன். "படம் என்னக்கா, பிரிண்ட் அடிச்ச துணிதான" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு அந்த அறை வேறு மாதிரி ஆகிவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்து சாமான்களை ஒவ்வொன்றாக மனசில் கொண்டுவந்து வைப்பேன். கட்டில் அங்கேயே இருக்கட்டும். எதிர்ச் சுவரில் சிவப்பு வட்டம். அதே சுவரில் வீட்டுக்காரர் போட்டோவையும் மாட்டினால் டிசைனர் பொண்ணு திட்டுவாள், ஒரு சுவர்தானே பேச வேண்டும். அதனால் அவர் கட்டில் தலைமாட்டில். நாள்காட்டிக்குக் கதவுக்குப் பின்னால் தனியாக ஒரு ஆணி. நினைத்துப் பாருங்கள், எனக்கே எனக்கு ஆணி! பக்கத்து வீட்டு மதனியிடம், "மகன் வீடு எடுக்குறான். நான் இங்கருந்து கெளம்பிருவேன்போல மதனி" என்று சொல்லிவிட்டேன். அவுகளுக்கு முகம் வாடிப்போனது, எனக்குத்தான் அதைக் கவனிக்க நேரமில்லை.

ஒரு சனிக்கிழமை மகனும் மருமகளும் காரில் வந்தார்கள். காலையிலேயே எழுந்து எலும்புக் குழம்பு வைத்துத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். வழியிலேயே சாப்பிட்டுவிட்டோம் என்றார்கள். சரி, பிறகு சாப்பிடட்டும் என்று அடுப்படியில் வைத்தேன். அன்றைக்கு ஸ்டூலை ஒளிக்கவில்லை, மகன்தானே.

சுற்றிக் காட்ட ஆரம்பித்தேன். அவன் குழாயைத் திறந்து பார்த்தான், ஜன்னலை இழுத்து மூடினான், கறாராகப் பார்த்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. மருமகள் ஹாலில் இருந்த படங்களைப் பார்த்து, "சூப்பரா இருக்கு அத்தை, யாரு செலக்ட் பண்ணா?" என்று கேட்டாள். சோபா அகலம், கண் உயரம், ஒரு கலர் குஷன் என்று எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் எடுத்துவிட்டேன். "அத்தை பெரிய டிசைனரா ஆயிட்டாங்க" என்று அவனிடம் சொன்னாள். நல்ல பெண்தான், நான் குறை சொல்லவில்லை.

மூன்றாவது அறைக்கு வந்தோம். வழக்கமான வசனம் வாயில் தானாக வந்துவிட்டது. "இது ஒங்க அம்மா அப்பாவுக்கு. வழுக்காத டைல்ஸு..." என்று ஆரம்பித்து, யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்ததும் நிறுத்திவிட்டேன். வெட்கமாகப் போய்விட்டது. அவன் சிரித்தான்.

"நல்லாப் பேசுறீங்கம்மா. ஆனா டூ பெட்ரூமவிட த்ரீ பெட்ரூமுக்குத்தான் இப்ப வாடகைக்கு ஆள் நெறய வாராங்க. அதான் இத எடுக்கலாம்னு."

"வாடகைக்கா?" என்றேன்.

"பின்ன? நாங்க பெங்களூர விட்டுட்டு இங்க வந்து என்னம்மா பண்ணப் போறோம்? வாங்கிப் போட்டா ஒரு வருமானம். நீங்களும் பக்கத்துலயே இருக்கீங்க, பாத்துக்க வசதி."

அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். எனக்கு வாய் நிற்காதே. "அப்ப நானு?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வையில் கெட்டது எதுவும் இல்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுப் பார்த்தான். "நீங்க எதுக்கும்மா இம்புட்டுப் பெரிய வீட்டுல ஒத்தையாக் கெடக்கணும்? அங்க வளவுல சுத்தி நாலு பேரு இருக்காங்க, பேச்சுத் துணைக்கு. அதான ஒங்களுக்கு நல்லது?" என்றான்.

சொல்லிவிட்டு எதிர்ச் சுவர்ப் பக்கம் போனான். சிவப்பு வட்டத்துக்குப் பக்கத்தில் நின்று, விரலை மடக்கி, டொக் டொக் என்று தட்டிப் பார்த்தான். அதே மாதிரி. தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு, அந்த ஓனர் தட்டிய அதே மாதிரி.

"சுவரு நல்லா ஸ்ட்ராங்காத்தான் இருக்கு. வாடகைக்கு வர்றவங்ககிட்ட ஒண்ணு மட்டும் கண்டிப்பாச் சொல்லிருங்கம்மா. ஆணி கீணி அடிக்கக் கூடாது. அடிச்சா அட்வான்ஸ்ல பிடிச்சிருவோம்னு சொல்லுங்க."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். எலும்புக் குழம்புத் தூக்கை எடுத்துக்கொண்டு, "நேரமாச்சு, பஸ்ஸு போயிரும்" என்று கிளம்பிவிட்டேன். காரில் விடுகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றேன். அழுகை பஸ்ஸில் வந்தது. பக்கத்தில் இருந்த அம்மா ஏன் என்று கேட்காமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

வீட்டைப் பதிந்துகொண்டார்கள். படங்கள் தங்கள் பெங்களூர் ஹாலுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று மருமகள் ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டாள். சிவப்பு வட்டத்தையும் போர்வையில் சுற்றிக் கார் பின்சீட்டில் வைத்தாள். எனக்கு வேண்டும் என்று சொல்ல நினைத்தேன். எங்கே மாட்டுவீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? பெயிண்டர் வந்து ஆணிகளைப் பிடுங்கி, ஓட்டைகளில் பட்டி வைத்து அடைத்து, வெள்ளையடித்துவிட்டுப் போனார். எங்கே என்ன இருந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. மாடல் ஃப்ளாட் இல்லாமல் போனதால் என் வேலையும் போனது. மேனேஜர் தம்பி பாவம் பார்த்துக் கீழே அலுவலகத்தில் சாவிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை கொடுத்தார். அங்கேயும் அதே ஸ்டூல்தான்.

மகன் வாடகைக்கு விளம்பரம் போட்டான். போட்டோ எல்லாம் படங்கள் இருந்தபோது எடுத்தது. அதைப் பார்த்து ஒரு பெண் வந்தார், ஏதோ ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணம் ஆகவில்லை, வயதான அம்மா கூட. வீட்டைப் பார்த்துவிட்டு, முன்பணம் எல்லாம் மகனிடமே போனில் பேசி முடித்துக்கொண்டார். சாமான் இறக்கிய அன்று நான்தான் கதவைத் திறந்துவிட்டேன். அவருடைய அம்மாவை ஹாலில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். ரொம்ப மெலிந்து, எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துக்கொண்டு இருந்தார்.

மூன்றாவது அறைக் கட்டிலில் விரிப்பைப் போட்டுவிட்டு அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டார். "அக்கா, போட்டோல இந்தச் சுவத்துல ஒரு படம் இருந்துச்சே, செவப்பு வட்டம். எங்க அம்மா அதப் பாத்துட்டுத்தான் இந்த வீடுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. நாள் பூராம் படுத்துக் கெடக்குறவங்க, பாக்க ஒண்ணு வேணும்ல? அது இல்லைன்னதும் இத வாங்குனேன்." ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். நீல அரை வட்டம், அதைத் தாங்குகிற மாதிரி ரெண்டு மஞ்சள் கட்டை, நடுவில் கையகலத்துக்குச் சிவப்பாக ஒரு சதுரம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆணி அடிக்கலாமாக்கா? ஓனரு எதுவும் சொல்வாரோ?"

எனக்கு அந்தக் குரல் தெரியும். அதே குரலில் நான் எத்தனையோ ஓனரிடம் கேட்டிருக்கிறேன்.

"அடிங்க" என்றேன். "எங்க வேணுமோ அங்க அடிங்க. ஓனரோட அம்மா சொல்றேன்."

பில்டிங் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டேன், டிரில்லோடு வந்தார். அவர் வழக்கம்போல நிற்கிற ஆள் உயரத்துக்குப் பென்சிலை வைத்தார். "அங்க வேண்டாம்ண்ணே" என்றேன். "படுத்திருக்கிறவுக பாக்குறதுக்கு. கீழ எறக்கணும்." எவ்வளவு கீழே? அதை நின்றுகொண்டு சொல்ல முடியாது. அந்தப் பெண், "நீங்க படுத்துப் பாருங்கக்கா" என்று கட்டிலைத் தட்டிவிட்டார்.

அந்த அறையில் அத்தனை நாள் தூசி தட்டியிருக்கிறேன், சோறு தின்றிருக்கிறேன், சாமான் எல்லாம் மனசில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். படுத்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தேன். தலையைத் திருப்பினால் மலை தெரிந்தது. நான் சொன்னதெல்லாம் பொய்யில்லை, நல்ல அறைதான். எலக்ட்ரீசியன் படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். "இன்னும் எறக்குங்க... இன்னும் கொஞ்சம்... ஆங், அங்கதான்" என்றேன். அவர் புள்ளி வைத்தார். அப்போது பார்த்து என் போன் அடித்தது. மகன்.

"அம்மா, குடி வந்துட்டாங்களா? ஆணி விஷயத்தச் சொல்லிட்டீங்கள்ல?"

"சொல்லிட்டேன்யா" என்றேன், படுத்துக்கொண்டே. சொல்லி வாய் மூடவில்லை, டிரில் சத்தம் கிளம்பியது.

"என்னம்மா சத்தம்?"

"ஆணிக்கு ஓட்டை போடுறாங்க. நான்தான் போடச் சொன்னேன்."

"ஏம்மா?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டான்.

"சோத்துப் பருக்கைய வச்சு ஒட்டுனமே, ஞாபகம் இருக்கா? ஓனரு வந்து கிழிச்சாரே. அந்தப் படம்."

"எந்தப் படம்மா?"

சுவரிலிருந்து வெள்ளைத் தூள் கொட்டிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஒண்ணுமில்லப்பா. வையி, இங்க வேல நடக்குது" என்று போனை வைத்தேன்.

படத்தை மாட்டிவிட்டார்கள். "ஒசரம் சரியா இருக்காக்கா?" என்று அந்தப் பெண் கேட்டார். இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருந்து பார்த்தேன். அப்புறம் எழுந்து, நான் படுத்ததில் கசங்கிய விரிப்பை இழுத்து நீவிவிட்டு, "சரியா இருக்கு. அம்மாவக் கூட்டிட்டு வாங்க, அவுக எடத்துல படுக்கட்டும்" என்றேன்.